ஒரே ஃபைலில் போன புக்மார்க்குகள்

பழைய லேப்டாப் எந்த நேரமும் நின்றுவிடலாம். ஓஎல் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக வருடக்கணக்கில் சேர்த்த விஞ்ஞான வினாத்தாள் லிங்குகள் எல்லாம் அதன் புக்மார்க்கில்தான் இருந்தன.

மூன்று நாளாக ஒவ்வொரு முகவரியாகக் கொப்பியில் எழுதினேன். பாதிகூட முடியவில்லை.

இன்று ஹட்டனில் கம்ப்யூட்டர் கடைக்காரப் பெண் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இம்புட்டையும் கையாலயா எழுதுனீங்க? ஒரே ஃபைலா எடுத்துறலாங்களே!"

பென்டிரைவில் எடுத்துப் புது லேப்டாப்பில் ஏற்றினார். ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த ஃபைல எங்க தங்கச்சிக்கும் குடுக்கலாங்களா? இந்த வருஷம் ஓஎல் எழுதுறா."

"தாராளமா எடுத்துக்கங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. நான் சேர்த்த முடி உதிர்வு வைத்தியங்களும் அதே ஃபைலில் போயிருக்கின்றன.

வினாத்தாள்களுக்கு நான் பொறுப்பு. வைத்தியத்தை யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். நான் சேர்த்து வைத்ததோடு சரி.