அரைக்கிலோ எடைக்கல்லும் மாமாவின் வலக்கையும்

போன மாதம் காரைக்குடியில் நரம்புப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். புஜத்தில் ஊசியைக் குத்திவிட்டு, கையை மெல்ல மடக்கச் சொன்னார்கள். பக்கத்திலிருந்த பெட்டி ‘டக்... டக்’ என்றது. கொஞ்சம் இறுக்கினேன். சத்தம் நெருங்கியது, புதிதாக இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. முழு பலத்தையும் போட்டபோது தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் ஒரே இரைச்சல். கையும் நடுங்கியது.

“பயப்படாதீக ஐயா,” என்றது சோதனை செய்த பெண். “லேசான வேலைக்குத் தண்டுவடத்துல சின்ன நரம்பு செல்லு ஒண்ணு ரெண்டுதான் துடிக்கும். கனம் கூடக்கூடப் பெருசுகளும் வந்து சேரும். அதுக துடிக்கிறது சீரா இருக்காது, முன்னப்பின்ன இருக்கும். அதான் கை ஆடுது. சீக்கு இல்ல.”

அறுபது வருடத்துக்கு முன் இந்தப் பெண் எங்கள் ஊரில் இருந்திருந்தால் என் மாமாவின் கல்யாணம் பிழைத்திருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்லல் பக்கம் எங்கள் வீட்டில் தங்கி, அப்பாவின் மளிகைக்கடையைப் பார்த்துக்கொண்டார். ஊரில் மாட்டுப்பொங்கலன்று ஒரு போட்டி உண்டு. வீட்டுக்கொரு ஆள், நீர் நிரம்பிய செம்பை நீட்டிய கையில் பிடித்து நிற்க வேண்டும். கடைசிவரை சிந்தாதவர் ஜெயித்தவர். மூன்று வருடமாக மாமாதான் ஜெயித்துவந்தார். அந்த வருடம், அவருக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா வலையபட்டியிலிருந்து மாப்பிள்ளையைப் பார்க்க வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயது. முந்தின நாள் மாமா என்னை விட்டுவிட்டு, சிநேகிதனை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போயிருந்தார். மாமாவின் செம்பை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. கடையிலிருந்து அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்து உள்ளே போட்டுக் கொடுத்தேன்.

செம்பை வாங்கியதும் மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாசம் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் கையை நீட்டினார். முதலில் மணிக்கட்டு ஆடியது, பிறகு முழங்கை, பிறகு தோளே ஆடியது. மற்றவர்கள் கல்லாக நிற்க, மாமாவின் தண்ணீர் நேராகப் பெண்ணின் அப்பா வேட்டியில் விழுந்தது.

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: “தப்பா நினைக்காதீக. தாலி முடியுறப்ப இந்தக் கை இப்புடி ஆடுனா நாங்க எங்குட்டுப் போயி முட்டிக்கிறது?”

செம்பைக் கவிழ்த்துக் காட்டியிருந்தால் சம்பந்தம் தப்பியிருக்கும். மாமா செம்போடு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

அதன்பின் நான்கு வருடம் வேறு இடம் அமையவில்லை. தம்பியின் நரம்பைத் தேற்ற அம்மா ஆட்டுக்கால் சூப் வைப்பாள். பாதியை மாமா எனக்கு ஊற்றிவிடுவார். கூச்சமில்லாமல் குடித்தேன். அவர் கண்மூடும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் அப்பா எடைக்கல்லைத் தேடினார். எடுத்தவன் கையை முறிக்காமல் விடமாட்டேன் என்றார். நான் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்துகொண்டு படுத்தேன். காலையில் கடைக்கு ஓடினால் கல் தராசுப் பக்கத்தில் இருந்தது. மாமா புளி நிறுத்துக்கொண்டிருந்தார். வலக்கை துளியும் ஆடவில்லை.

அவரைத் தாண்டி ஓடி, மூன்று தேங்காயையும் பிள்ளையாருக்கு உடைத்தேன்.