குவாரித் தண்ணீரில் குளிரும் கணினிகள்

சென்னையில் ஒரு தரவு மையத்தில் ஏசி பராமரிப்பது என் வேலை. கணினிகளுக்கு ஆகும் மின்சாரம் போதாதென்று, அவற்றின் சூட்டைத் தணிக்கவும் மின்சாரத்தைக் கொட்டுகிறோம். செந்துறைப் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரியில் தேங்கிய தண்ணீரை வைத்தே ஒரு தரவு மையத்தைக் குளிர்விக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பார்க்க ஆசை வந்தது. அனுமதி வாங்கி, மார்ச்சில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் ஆகும். அங்கிருந்து செந்துறைக்கும் பஸ் உண்டு. அதற்கு மேல் ஆட்டோதான்.

ஆட்டோ ஓட்டிய அன்பழகனுக்கு முப்பது வயதிருக்கும். போகும் இடத்தைச் சொன்னதும் வண்டியைக் கிளப்பினார். பிறகு, "எங்கண்ணன் அங்கதான் சார் செத்துப்போச்சு" என்றார்.

அண்ணன் சேகருக்கு அங்கே ஒப்பந்த வேலை. தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. பாசி அடைத்தால் சேகர் மூழ்கிக் கையால் அள்ளிவிட்டு வருவார். தீபாவளிக்கு முன்பு ஒருநாள் அவர் மேலே வரவில்லை.

"குளிக்க எறங்கி முங்கிட்டான்னு சொல்லிட்டாங்க. வேலை பாக்கப் போய் செத்தான்னு ஒருத்தரும் சொல்லல சார்."

அன்பழகன் ஆட்டோவோடு வாசலில் காத்திருக்க, உள்ளே மேற்பார்வையாளர் சுற்றிக் காட்டினார். இவ்வளவு அமைதியான கணினிக் கூடத்தை நான் பார்த்ததில்லை. பெரிய ஏசி இயந்திரங்கள் அவசரத்துக்கு மட்டும் என்று சும்மா நின்றன. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அப்போது எச்சரிக்கை மணி அடித்தது. சல்லடை அடைத்துவிட்டது. மேற்பார்வையாளர் வாசலுக்குப் போய், "அன்பு, வாப்பா" என்று கூப்பிட்டார். அன்பழகன் சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"நீங்களா எறங்குறீங்க?"

"அண்ணனுக்கு அப்புறம் நான்தான் சார். அண்ணி இங்கதான் கூட்டிப் பெருக்குது. நான் மாட்டேன்னா அதுக்கும் வேலை போயிரும்."

இடுப்பில் ஒரு கயிறு. அவ்வளவுதான். தண்ணீர் விளிம்பில் நின்றபோதுதான் காதில் விழுந்தது: பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"பம்ப நிறுத்தலையா?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

"நிறுத்தினா ஏசி போடணும் சார். கரண்ட் கணக்கு ஏறிடும். மேல கேப்பாங்க."

சேகர் எப்படிச் செத்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடைத்த சல்லடையில் கொஞ்சம் பாசியை விலக்கினால், உறிஞ்சும் வேகம் முழுக்க அந்த இடைவெளிக்கு வரும். கை சிக்கினால் இழுக்க முடியாது. அதைச் சொன்னேன். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருந்தது.

அன்பழகனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பம்ப் நிற்காமல் விடமாட்டேன் என்றேன். கடைசியில் நிறுத்தினார். ஏசி இயந்திரங்கள் இரைச்சலோடு கிளம்பின. அன்பழகன் மூன்று முறை மூழ்கி, கை நிறையப் பாசியோடு ஏறி வந்தார்.

திரும்பும்போது, "இன்னிக்கு நிறுத்திட்டாங்க. அடுத்த வாட்டி நீங்க இருக்க மாட்டீங்களே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சேகர் செத்த விதத்தை எங்கே வந்து வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று என் நம்பரைக் கொடுத்தேன். இதுவரை கூப்பிடவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது. குவாரித் தண்ணீர் பச்சையாக அழகாக இருக்கும், இறங்காதீர்கள், கரையிலிருந்தே செங்குத்தான ஆழம். மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்று அவர்களே சொல்வார்கள். ஆள் இறங்கும்போது பம்ப் நிற்கிறதா என்று நீங்கள் கேளுங்கள்.