ஒழுங்கை மணலில் ஒரு தடயம்

வெடித்துப்போன என் சைக்கிள் டயரைப் பழைய டயர்த் துண்டு வைத்து நைலோன் நூலால் தைத்திருந்தேன். பொருளாதாரத் தடைக் காலம். புது டயர் எங்கே கிடைக்கும்? கரவெட்டி ஒழுங்கை மணலில் போகும்போது அந்தத் தையல் ஒரு பூரான் மாதிரிப் பதிந்துகொண்டே வரும். நான் அதைக் கவனித்ததில்லை. மாமி கவனித்திருந்தார்.

அவர் எனக்குத் தூரத்து உறவு. நூல்நிலையத்தில் துப்பறியும் கதைகளாகப் பார்த்து எடுத்துவந்து, ஜாம் போத்தல் விளக்கில் வாசிப்பார். அதிலே அவருக்குப் பிடித்துப்போன சொல் ‘தடயம்’. சீனிப் போத்தலடியில் எறும்பு நின்றாலும் தடயம், மகளின் சட்டையில் மாங்காய்ப் பால் பட்டிருந்தாலும் தடயம். அந்த மகளை ஒருதரம் பார்க்கத்தான் நான் தினமும் அந்த ஒழுங்கையால் போய்வந்தேன். கதைக்க அல்ல, மணி அடிக்கக்கூடத் துணிவில்லை.

ஒருநாள் மாமியின் புள்ளிக்கோழியைக் காணவில்லை. படலை வாசல் மணலைக் கூட்டிவிட்டு, போகிற வருகிற சைக்கிளையெல்லாம் அதன்மேல் உருட்டச் சொன்னார். என்னுடையதை உருட்டினேன். பூரான் விழுந்தது.

“படலையடியிலை திரும்பித் திரும்பி ஓடினது உம்மடை சைக்கிள்தான், தம்பி.”

“உவனோ?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. “உவன் கோழியைக் கண்டாலே வெக்கப்படுவானே!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

“தடயம் எண்டால் ஆள் வந்துபோனதைத்தான் சொல்லும். ஏன் வந்தவர் எண்டு சொல்லாது. அதை நீர்தான் சொல்லவேணும்.”

பேசாமல் நின்றால் கோழிக்கள்ளன். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டு முற்றத்தில் இனிக் கால்வைக்க முடியாது. படலைக்குப் பின்னால் மகள் நின்றாள்.

“கோழிக்கு வரேல்லை, மாமி.”

மாமி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“உதுவும் ஒரு தடயந்தான்,” என்றார் மாமி.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. சில கிழமைகள் கழித்து, ஓலைக் குவியலுக்குள்ளிருந்து புள்ளிக்கோழி குஞ்சுகளோடு வெளியே வந்ததாம். மாமி அண்ணையிடம் சொல்லி அனுப்பினார்: “கோழி வந்திட்டுது. உவரையும் வரச் சொல்லுங்கோ. ஒழுங்கையிலை சுத்தாமல் படலையாலை வரட்டும்.”

இப்போது அந்த ஒழுங்கைக்குத் தார் போட்டாயிற்று. என் டயர்களும் நல்ல டயர்கள். எங்கும் ஒன்றும் பதிவதில்லை. ஆனாலும் பின்னேரம் படலை திறக்கிற சத்தம் கேட்டதும், கண் மங்கிப்போன மாமி கதிரையிலிருந்து கேட்பார்: “ஆரது, கோழிக்கோ?”

குசினிக்குள் என் மனைவி சிரிப்பது கேட்கும். “இல்லை, மாமி” என்பேன். அதற்குமேல் எனக்கு இன்னும் வார்த்தை வருவதில்லை.