மாங்கா அடிக்கும் கை

ஒஹாயோவில் என் மகள் வீட்டுக்கு அருகே உள்ள பூங்காவில் சனிக்கிழமைகளில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடுவார்கள். முதல் வருடம் எனக்கு விளங்காமல் போனது ஆட்டத்தைவிட, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிதான். அவர் கையில் எண்ணும் கருவி ஒன்று இருந்தது. பையன் ஒரு பந்து எறிந்தால் ஒரு அழுத்து. ஐம்பது ஆனதும் கையைத் தூக்கினார். அருமையாக எறிந்துகொண்டிருந்த பையனை உடனே வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். ஏதாவது தப்பு செய்துவிட்டானா என்று கேட்டேன். "இல்லை, ஐம்பது ஆகிவிட்டது" என்றார். அதற்கு மேல் எறிந்தால் முழங்கைக்குக் கெடுதலாம். சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் தரச்சோதனைப் பிரிவில் போல்ட்டும் வாஷரும் எண்ணியவன் நான். எண்ணுவது எனக்கு வியாதி என்பார்கள் என் வீட்டில். அதையே ஒரு தேசம் முறையாகச் செய்கிறது என்றால் பிடிக்காமல் போகுமா? நாலு வருடத்தில் அந்த ஆட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் குளிர்காலம் வந்தால் நான் அம்பத்தூருக்குப் பக்கத்தில் உள்ள அயனம்பாக்கத்துக்கு ஓடிவந்துவிடுவேன். பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட்டைப் பற்றி ஆயிரம் கவலை. குழாய் ஒழுகுகிறதா, கரையான் ஏறியதா, பராமரிப்புக் கூட்டத்தில் என்னைக் கேட்காமல் என்ன முடிவெடுத்தார்கள்? சாவி செல்வியிடம் இருக்கும். எங்கள் அடுக்ககம் நிற்கும் மனை ஒரு காலத்தில் அவளுடைய மாமனாரின் நெல் வயல். இப்போது அவள் அடுத்த தெருவில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். கணவர் இல்லை. தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைக்கிறாள். ஒரே மகன் திலீப்புக்கு இருபது வயது. கார் உதிரிபாகக் கம்பெனியில் பயிற்சியாளன். அந்த வருடம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஏரிக்கரை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் நடக்கும். திலீப்புக்குப் பந்து வீசத் தர மாட்டார்கள். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி எறியக் கூடாது. எறிந்தால் அது மரத்தில் மாங்காய் அடிப்பது மாதிரி என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். திலீப் எப்படி ஓடிவந்தாலும் கை மடங்கிவிடும். ஸ்டம்பே பறக்கும், ஆனால் நடுவர் நோ-பால் என்பார்.

"அண்ணாத்தே, மாங்காட்டுக்கு வண்டி ஏறு! அங்க தான் மாங்கா தொங்கிகினு கீது!" என்று எதிரணி கத்தும்.

"மாமே, ஊறுகா போட ஒரு கூட எறக்கிக்கினு வா!" என்று சொந்த அணியே கத்தும்.

ஆகவே அவனை எல்லைக்கோட்டில் நிறுத்தினார்கள். அங்கிருந்து அவன் எறிந்தால் பந்து தரையில் படாமல் கீப்பரின் கைக்கு வரும். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஓட்டங்களை எண்ணுவேன், விக்கெட்டுகளை எண்ணுவேன். எல்லைக்கோட்டிலிருந்து வந்த எறிகளை எண்ணத் தோன்றவில்லை.

போன குளிர்காலத்தில், ஆவடிக்கு அப்பால் ஒரு கல்லூரி மைதானத்தில் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் கிளப் ஒன்று ஆள் தேர்வு நடத்துவதாகத் திலீப்பின் போனுக்குச் செய்தி வந்தது. செல்வி என்னிடம் வந்தாள். "நீங்க தான் அங்கயே கீறீங்களே சார். கூடப் போய் இன்னா ஏதுன்னு பாருங்க. எவனாவது ஏமாத்திறப் போறான்."

தேர்வு செய்ய வந்தவர் கர்ட். ஐம்பது வயது, வெயிலில் சிவந்த கழுத்து, பேஸ்பாலில் பந்து எறிந்த முன்னாள் பிட்சர். வேகம் காட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்றார். திலீப்பின் மூன்றாவது பந்துக்குக் கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. மைல் கணக்கு. நம் கணக்கில் மணிக்கு நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர். கர்ட் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை எறியச் சொன்னார். மீண்டும் தொண்ணூற்றொன்று. அவர்களுடைய மதிப்பெண் இருபதில் ஆரம்பித்து எண்பதில் முடியும். வேகத்துக்கு அறுபது, குறிக்கு முப்பது என்று போட்டார். நூற்றுக்கு மீதி இருபது எங்கே போயிற்று என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். "இவன் உடம்பில் இன்னும் இடம் இருக்கிறது" என்றார் பிறகு. அஸ்திவாரம் பலமாக இருக்கிறது, மேலே இரண்டு மாடி எழுப்பலாம் என்கிறார் என்று திலீப்பிடம் சொன்னேன். அவன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நோ-பால் என்று யாரும் கத்தாததையே அவன் இன்னும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து கர்ட் செல்வியின் வீட்டுக்கு வந்தார். பையனை எடுப்பதற்கு முன் குடும்பத்தையும் பார்ப்பார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி நெளிய உட்கார்ந்தார். உங்கள் மகனுக்கு எவ்வளவு நீளமான கைகள் என்று செல்வியைப் பாராட்டினார். நான் யோசிக்காமல், "திலீப்புக்குக் கை நீளம் என்கிறார்" என்றேன்.

செல்வியின் முகம் மாறியது. "இன்னா சார் சொல்றான் இந்த ஆளு? எம்புள்ள யார் ஊட்ல இன்னாத்த எட்த்தான்?"

திலீப் விழுந்து விழுந்து சிரித்தான். நான் வியர்த்துப்போய் இரண்டு பக்கமும் விளக்கினேன். அடுத்த கேள்வியில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த கேள்வி இதுதான்: "அவனுக்கு எப்போதாவது கையில் வலி வந்திருக்கிறதா?"

செல்வி முந்திக்கொண்டாள். "அய்ய, இவன் கெட்ட கேட்டுக்கு வலி வேற இல்லாமயா? எறிஞ்சிட்டு வந்தா ராத்திரி பூரா கையி வலிக்குது, கையி வலிக்குதுன்னு முனகிகினு கெடப்பான். இவனப் போயி பெருசா சொல்றாரே."

"யம்மா, கம்முனு இரு" என்றான் திலீப்.

இதைப் படிக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்நியர் ஒருவர் பிள்ளையைப் புகழ்ந்தால், கண் பட்டுவிடக் கூடாது என்று நாம் ஒரு குறையைச் சொல்லி வைப்போம். கர்ட்டிடம் அவள் சொன்னதையும் மொழிபெயர்த்தேன், இந்த வழக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தன் அம்மா தபால்காரரைக்கூட நிறுத்தி மகன் பெருமை பேசுவார் என்றார். சிரித்தபடியே திலீப்பின் வலது முழங்கையைப் பிடித்து, உட்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். திலீப்பின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் மொசைக் தரையில் அவனுடைய கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கின.

தெருவில் கர்ட் கார் ஏறும் முன், கால்விரல்கள் மடங்கியதை அவரிடம் சொல்லிவிட்டேன். அளவு தப்பிய போல்ட்டைத் தெரிந்தே பெட்டியில் போட எனக்குக் கை வராது. அவர் ஆச்சரியப்படவில்லை. "நானும் காலைத்தான் பார்த்தேன். முகத்தை எல்லோரும் பழக்கி வைத்திருப்பார்கள்" என்றார். "இந்த வேகத்தில் எறிகிற கையில் முழங்கை நார் என்றாவது ஒரு நாள் கிழியும். கிழிந்தால் தைப்போம். அதையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டேன்."

ஐம்பதானதும் கை தூக்கிய அந்தப் பெண்மணியின் தேசமும் இதுதானா என்று அந்தத் தெருவில் நின்று யோசித்தேன். சிறுவனாக இருக்கும்வரை எண்ணிக் காப்பாற்றுகிறார்கள். தொழிலுக்கு வந்துவிட்டால் கிழிசலுக்கும் கணக்கு வைத்துவிடுகிறார்கள்.

உள்ளே போய் தாய்க்கும் மகனுக்கும் எதையும் மறைக்காமல் சொன்னேன். செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் பொய் தான சார் சொன்னேன். இவன் ஒரு நாள் முனகுனது இல்ல. கண்ணு படக்கூடாதுன்னு வாய்க்கு வந்தத சொன்னேன். அது அப்டியே பலிச்சிச்சா?"

"நீ சொல்லி வர்ல. ரெண்டு வருசமா வலி கீது. தலவாணியக் கடிச்சிகினு படுத்திருப்பேன்" என்றான் திலீப்.

"போவாத நைனா. கம்பெனில பெர்மனென்ட் ஆக்கறாங்க. கையிருந்தா இங்கயே கஞ்சி குடிச்சிக்கலாம்."

"இங்க கை கீது, எறிய எடம் இல்லம்மா. அங்க எறிஞ்சி தான ஒடையும்?"

செல்வி என்னைப் பார்த்தாள். அமெரிக்கா போனவன் என்கிற முறையில் நான் ஏதாவது சொல்ல வேண்டும். போ என்றும் எனக்கு வரவில்லை, போகாதே என்றும் வரவில்லை. மகளுக்காகப் போனவன் நான். எறிவதற்காகப் போகிறவனிடம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? அவன் போனான்.

அரிசோனாவில் கிளப்பின் கடைநிலை அணியில் ஆறு ஆட்டங்கள் எறிந்தான். ஆறையும் ஒஹாயோவிலிருந்து கணினியில் பார்த்தேன். ஏழாவதில் ஒரு பந்தை எறிந்துவிட்டு, கையை உதறிக்கொண்டு எறியும் மேட்டிலிருந்து அவனாகவே இறங்கிப் போய்விட்டான்.

கிழிந்த நாருக்கு அறுவை சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் விமானம் ஏறிப் போய்ப் பார்த்தேன். இரண்டு வெனிசுவேலாப் பையன்களோடு ஓர் அறையில் இருந்தான். வலது முழங்கையில் பெரிய கட்டு. இடது மணிக்கட்டில் சின்னத் தையல். எங்களுக்குச் சாயங்காலம், அயனம்பாக்கத்தில் மறுநாள் காலை. செல்வி வேலைக்குக் கிளம்பும் முன் போனில் முகம் காட்டினாள்.

"எந்தக் கையி நைனா?"

"ரெண்டும் தான். இங்கேர்ந்து ஒரு நரம்ப எட்த்து அங்க வெச்சித் தெச்சிட்டாங்க. அந்த எடத்துக்கு அது பழகறதுக்கு ஒரு வருசம் ஆவுமாம். அப்பால எறியலாம்."

"எட்த்த எடத்துல?"

"அங்க ஒண்ணும் தெரியாதாம்மா. அது இல்லாமயே ஓடுமாம்."

செல்விக்குப் பின்னால் குக்கர் கத்தியது, அவள் எழுந்திருக்கவில்லை. அந்த நரம்பு எது என்று திலீப் காட்டித் தந்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் கயிறு மாதிரி எழும். செல்வி அங்கே மடக்கினாள். திரை முழுவதும் அவள் மணிக்கட்டு. அதில் அது விறைத்து நின்றது. திலீப் தையல் வலிக்க, தன் இடது கையை மெல்ல மடக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தான். சமதளமாக இருந்தது. "பாத்தியா, உனக்கு கீது. என்னிது ஊடு மாறிப் போச்சு" என்றான் சிரித்துக்கொண்டே. செல்வி சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

நானும் என்னுடையதை மடக்கிப் பார்த்தேன். சுருங்கிய தோலுக்கு அடியில் ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.