ஒரு கோடு கீழே

குழந்தைகள் நல நிலையத்தில் அவள் பதினொரு வருடமாக எடை பார்க்கிறாள். ‘தராசக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுத்து, துள்ளுகிறதை ஏய்த்து உட்காரவைத்து, முள் அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடியில் எடையைப் பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பாள். முள் அவள் பக்கம்தான் தெரியும். புள்ளி ஏறினால் தாய்க்குச் சிரிப்பு. இறங்கினால் டாக்டர் அறை. அவள் வைத்த புள்ளியை இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டிலேயே ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஒன்பதே நாளில் மாடியில் இருக்கும் ஓரகத்திக்கு ஒரு மகன். இப்போது இருவருக்கும் இரண்டரை வயது. அவன் கொழுகொழுவென்று இருந்தான்; பத்து மாதத்திலேயே நடந்தான், இப்போது படிக்கட்டில் தாவுகிறான். இவள் மகளோ ஒன்றரை வயதில்தான் சுவரை விட்டாள். சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு கதை கேட்பாள். வருகிறவர்கள் அவனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, “பாப்பா சரியா சாப்பிடுறதில்லையா?” என்பார்கள். அவர்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நாக்கு துடிக்கும்.

போன வாரம் இரண்டு பேருக்கும் எடை பார்த்தாள். மகள் ஐம்பது கிராம்கூட ஏறவில்லை. அவனுக்கு முள் சரசரவென்று ஏறியது. பக்கத்தில் நின்ற ஓரகத்தி மகனைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். சிரிப்பது குற்றமா? இல்லை. ஆனாலும் அவன் அட்டையில் புள்ளி ஒரு கோடு கீழே விழுந்தது. வைத்த கணத்தில் இவளுக்கு வயிறு குளிர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்று சாயங்காலம் ஓரகத்தி அட்டையோடு இறங்கி வந்தாள்.

“டாக்டர் அட்டையப் பார்த்துட்டு, எடை குறையுதுன்னு சொல்லிட்டார்க்கா. நாளைக்குக் காலைல ரத்தம் எடுக்கணுமாம். ஊசின்னா நடுங்குவான்.”

“தெம்பாத்தானே இருக்கான்?”

“எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா புள்ளி வெச்சது நீங்களாச்சே.”

உள்ளே மகள் பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தாள். “அழாத, தம்பி இப்ப வந்துருவான். வந்ததும் நாம மூணு பேரும் விளையாடலாம்.”

ஓரகத்தி அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். “இவனுக்கு ‘தா', ‘போ' தவிர ஒரு வார்த்தை வரல. உங்க பொண்ணு பேசறதக் கேட்டா எனக்கு வயிறு பத்திக்கிட்டு வரும்க்கா. தப்புதான்.”

மகள் வாயாடுவதை ஒரு நாளும் வளர்ச்சி என்று இவள் எண்ணியதே இல்லை.

“அவன் எடை குறையல. நான்தான் புள்ளிய இறக்கி வெச்சேன்.”

“கை தவறிடுச்சா?”

“இல்ல. வேணும்னுதான். பொறாமை.”

ஓரகத்தி அட்டையில் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். “பேச்சுக்கும் இதுல ஒரு கோடு இருந்து, பேனா என் கையில இருந்திருந்தா, உங்க பொண்ணுக்கு எங்க புள்ளி வெச்சிருப்பேனோ, எனக்கே தெரியல.”

பிறகு அட்டையை இவள் கையில் கொடுத்தாள். “ஆனா டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். அவனுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி.”

வேலை போனாலும் போகலாம். “நானே வந்து சொல்றேன்,” என்றாள் தராசக்கா.