சகாயசெல்வியின் நாக்கு

புதுக்கடைச் சந்தையில் தராசை நம்பாதவர்கள்கூட சகாயசெல்வியின் நாக்கை நம்புவார்கள். முப்பத்தோரு வருடமாகக் கருவாடு விற்கிறாள். வாங்க வந்தவர் பார்க்க ஒரு துண்டைக் கிள்ளி மென்று விழுங்கி, "நல்ல உப்பு, தைரியமா கொண்டுபோங்க" என்பாள். அதற்குமேல் பேச்சில்லை.

மகன் ஜிபின் வள்ளத்தில் விழுந்து முதுகு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறான். வீட்டு அடுப்பு எரிவது அவள் கூடையால்தான்.

ஆவணியில் அவளுக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. இதயம் வீங்கியிருக்கிறது என்றார் குழித்துறை டாக்டர். உப்பைக் குறை, தினமும் மெல்ல நட, தண்ணீரையும் அளந்து குடி.

மருமகள் பிரிஜா அன்றே ஊறுகாய்ப் பரணியைத் தூக்கி வெளியே போட்டாள். தேங்காய் பாதியானது. விடிந்ததும் மாமியாரைக் கோயில்வரை நடத்திக் கூட்டிப்போனாள்.

"ஏட்டி, இது குழம்பா, குளத்துத் தண்ணியா?"

"குடியுங்க மாமி. நாங்களும் இதத்தானே குடிக்கோம்."

மூன்று மாதமாகியும் ரத்தக்கொதிப்பு இறங்கவில்லை. ஒரு மாத்திரை மூன்றானது.

"வெளியே ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"சந்தையில ஒரு சாயாகூட குடிக்கதில்ல சாரே."

பொய்யில்லை. கருவாட்டை ருசிபார்ப்பது சாப்பாட்டில் சேரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அது தொழில்.

மாமியார் மறந்து வைத்துவிட்டுப் போன மாத்திரையோடு ஒருநாள் சந்தைக்கு வந்த பிரிஜா அரைமணி நேரம் நின்று பார்த்தாள். பதினோரு துண்டு உள்ளே போயிருந்தது.

"மாமி! துப்புங்க!"

"ஆளு முன்னால துப்பினா சரக்கு அழுகல்னுல்லா நெனைப்பாவ?"

மறுநாளிலிருந்து செல்வி கருவாட்டை முகர்ந்து பார்த்தாள், விரலால் அமுக்கிப் பார்த்தாள். நாக்கில் வைக்கவில்லை. பிரிஜா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் தின்னு பாக்கேன்" என்றாள். சந்தையே சிரித்தது. நாலாம் நாள் பேச்சு கிளம்பிவிட்டது: "செல்வியே வாயில வைக்கமாட்டேங்கா. என்ன மருந்தடிச்சாளோ!" வாளைக் கருவாடு கூடை நிறைய வீடு திரும்பியது.

அதே வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பாதி பலத்தில்தான் ஓடுகிறது, போன பலம் திரும்பாது, இனியாவது உப்பைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை நாகம்மை வந்தாள். இருபது வருட வாடிக்கை. சுறாத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, ஊருல என்னவெல்லாமோ சொல்லுதாவ. நீங்க ஒருதடவ தின்னு காட்டுங்க, போதும்."

சகாயசெல்வி மருமகளைப் பார்த்தாள். பிரிஜா பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வி மென்றாள், விழுங்கினாள்.

"நல்ல உப்பு. தைரியமா கொண்டுபோ."

அடுத்த ஆள் வந்தார். அதற்கடுத்தவரும். பத்து மணிக்குள் தொண்டை வறண்டது. பிரிஜா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அந்த நாளுக்கென்று அளந்து ஊற்றிய தண்ணீரில் இரண்டு விரல்கடைதான் மீதி இருந்தது.