போட்டாயிற்று என்று சொன்னவன்

அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு மூன்றாம் முறையாக வந்தபோது, அவள்மீது எனக்கிருந்த ஐயம் உறுதிப்பட்டது. கம்பத்திலிருந்து மலையேறினால் கேரள எல்லைக்குள் இருக்கும் ஆனைக்கரையில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் ஏலத்தோட்டங்கள். அங்கே வேலை செய்யும் குடும்பங்களில் குழந்தை பிறந்தால் பெயரெழுதிக்கொண்டு, தடுப்பூசிக்கு நாள் சொல்லிப்போவது அவள் பணி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்தான். ஆனால் பேச்சில் பாதி மலையாளம். தடுப்பூசியைக் குத்திவெப்பு என்றுதான் சொல்வாள். ஒரு முறை கேட்டதற்கு விடை சொல்லியாகிவிட்டது. இரண்டாம் முறையும் அதே விடையைச் சொன்னேன். மறுபடியும் வருகிறாள் என்றால் அவளுக்கு வேண்டியது என் குழந்தையின் நலம் அன்று, அவளுடைய பேரேட்டில் நிரம்ப வேண்டிய ஒரு கட்டம் என்று முடிவு செய்துகொண்டேன்.

"சாரே, பாப்பாவுக்கு மூணாவது குத்திவெப்பு எடுத்தாச்சா?"

"போட்டாயிற்று. கம்பத்தில்."

"கார்டைக் கொஞ்சம் பாத்துக்கட்டா?"

நான் அவ்வூர்த் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியன். நான் சொன்ன சொல்லுக்குச் சான்று கேட்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. உள்ளே சென்று அட்டையைக் கொண்டுவந்தேன்; அவள் கையில் கொடுக்கவில்லை. நானே பிடித்துக்கொண்டு, மூன்றாம் ஊசிக்கு நேரே எழுதியிருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் சற்றுக் குனிந்து பார்த்தாள்.

"பென்சில்ல இருக்கே சாரே."

"அந்தப் பக்கம் அப்படித்தான் எழுதுவார்கள்" என்றேன்.

அந்தப் பக்கம் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தடுப்பூசி போடும் இடத்தில் ஒருநாளும் நான் கால் வைத்ததில்லை. குழந்தை பிறந்தது கம்பத்திற்கு அருகே மனைவியின் பிறந்தகத்தில். பிரசவத்தில் போட்ட தையல் ஆறாமல் மனைவி நெடுநாள் படுக்கையில் கிடந்ததால், முதல் இரண்டு தவணைகளுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள் அவளுடைய அக்காள். நான் சனிக்கிழமைகளில் மலையிறங்கிப் போய்ப் பார்த்து வருவேன். அட்டையில் மூன்று இடங்களிலும் தேதி இருந்தது; எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு வாதத்தில் வென்றவனைப்போல் நான் கதவைச் சாத்தினேன்.

குழந்தைக்கு ஏழு மாதம் நிறைந்த வாரத்தில் காய்ச்சல் கண்டது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று மனைவி சொன்னாள். நானும் அப்படியே நினைத்தேன். கடையில் வாங்கிய காய்ச்சல் மருந்தைக் கொடுத்தோம். சூடு இறங்கும், ஏறும். இரண்டாம் நாள் மகள் பால் குடிக்க மறுத்தாள். குடித்ததையும் கக்கினாள். அன்று நான் கண்டும் பொருள் புரியாமற்போன ஒன்று உண்டு: அழுகிற குழந்தையைத் தூக்கினால் அடங்கும்; இவளோ தூக்கினால் அலறினாள், கீழே கிடத்தினால் அடங்கினாள். வயிற்றுவலியாக இருக்கும் என்று ஓமநீர் கொடுத்தோம். மனைவியோ, இருநாள் முன்பு வந்துபோன ஒரு விருந்தாளியின் கண்ணை ஐயுற்று மிளகாய் சுற்றிப்போட்டாள். என்னுடைய ஐயம் கடையில் வாங்கிய மருந்தின்மேல். பழைய சரக்கோ என்று புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வந்தாள். என்னைக் கண்டதும் ஒதுங்கிப் பின்பக்கமாகத்தான் போனாள். மனைவியின் தோளில் துவண்டு கிடந்த குழந்தையைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் உச்சிக்குழியில் இரண்டு விரலை வைத்தாள். மென்மையாகப் பள்ளமாயிருக்க வேண்டிய அவ்விடம் மேடிட்டு இறுகியிருந்தது. மூன்று நாளாக அந்தத் தலையைத் தடவிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

உடனே மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். பக்கத்து மருத்துவரிடம் முதலில் காட்டலாமே என்றேன். எதற்காக இவள் இவ்வளவு அவசரப்படுத்துகிறாள் என்ற கேள்வி அந்த நேரத்திலும் என் நெஞ்சில் இருந்தது. எழுத நாணுகிறேன், ஆனாலும் இருந்தது.

"சாரே, எம்மேல உள்ள கோவத்த அப்புறம் தீத்துக்கங்க. உச்சி பொங்கி நிக்குது. இப்பவே ஜீப்பு விளிக்கட்டா?"

ஜீப்பை அழைத்தவளும் அவள்தான். கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்கினோம். வளைவுக்கு வளைவு குழந்தை முனகிக்கொண்டே வந்தாள். அழுகையை விட அந்த முனகல்தான் எங்களை அச்சுறுத்தியது.

மருத்துவமனையில் எங்களைக் கேள்வி கேட்டவர் ஓர் இளம் பெண் மருத்துவர். எத்தனை நாள் காய்ச்சல், வலிப்பு வந்ததா, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறதா என்றார். எல்லாம் போட்டாயிற்று என்றேன். வாய்க்குப் பழகிப்போன விடை. அவர் கையை நீட்டினார். இந்த முறை அட்டையைக் கொடுத்தேன்.

முதல் இரண்டு தேதிகளும் மையில் இருந்தன. அருகே செவிலியரின் கையெழுத்து. மூன்றாவது பென்சிலில் இருந்தது; கையெழுத்து இல்லை. அடுத்து எப்போது வரவேண்டும் என்று பென்சிலில் எழுதிக் கொடுப்பார்கள், போட்டபின் மையால் எழுதிக் கையெழுத்து இடுவார்கள் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. செவிலியர் கையெழுத்திட மறந்திருக்கலாம் என்று வாதிட்டேன். மனைவியின் அக்காள் சரியாகச் சொல்லாமல் விட்டிருப்பாள் என்று அவள்மீதும் ஒரு பங்கைச் சுமத்தினேன். மனைவி அட்டையை வாங்கி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குத்தானங்க நாம மலையேறி வந்தோம். புதன்கெழமை."

தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டுக்கு அழைத்துவருவதென்றால் எங்கள் குடும்பத்தில் புதன்கிழமைதான். வேறு நாளில் குழந்தை வாசற்படி மிதிக்கக் கூடாது. அதற்காகவே பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். தடுப்பூசிக்கும் மலைக்கு இரு பக்கத்திலும் அதே புதன்கிழமைதான். கீழே இருந்தவர்கள், பிள்ளை மேலே போகிறது, அங்கே போட்டுக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். தவணைக் கணக்கெல்லாம் அக்காளிடம் இருந்ததால் மனைவியும் கேட்கவில்லை. மேலே இருந்த நான், கீழேயே போட்டிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். ஊசி போட்டதாக நான் விரல் வைத்துக் காட்டிய அந்த நாளில், அந்த நேரத்தில், குழந்தை கம்பம்மெட்டின் வளைவுகளில் என் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். உலகில் அத்தனை பேரையும் ஐயுற்ற எனக்கு, என் நினைவைக் கொண்டே சரிபார்த்திருக்கக்கூடிய ஒரு தேதியை ஐயுறத் தோன்றவில்லை.

மருத்துவர் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மூளைக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்கும் ஒரு வகை உண்டு, அதுவாக இருக்கலாம், முதுகுத் தண்டிலிருந்து சிறிது நீர் எடுத்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும் என்றார். முதுகில் நீர் எடுத்த பிள்ளைக்குக் கால் விளங்காது என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுண்டு. யாருக்கு அப்படி ஆனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். ஊசி எவ்வளவு ஆழம் போகும், எடுப்பவருக்கு எவ்வளவு பழக்கம், எடுக்காமலே மருந்து கொடுத்தால் என்ன என்றெல்லாம் கேட்டேன். நரம்புத் தண்டு முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவோம் என்று அவர் தம் முதுகிலேயே தொட்டுக் காட்டினார். முதல் மருந்தை ஏற்கெனவே ஏற்றச் சொல்லிவிட்டேன், நீங்கள் யோசிக்கும் நேரத்துக்காக நோய் காத்திருக்காது என்றும் சொன்னார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சந்தேகப்படுங்க சார், தப்பே இல்ல. கையெழுத்தப் போட்டுட்டு உக்காந்து சந்தேகப்படுங்க."

கையெழுத்திட்டேன். தெளிந்த தண்ணீர்போல் இருக்க வேண்டிய நீர் கலங்கி வந்தது. அந்தத் தடுப்பூசி தடுக்கிற கிருமிகளுள் ஒன்றே அது என்று பின்னர்ச் சோதனையில் தெரிந்தது. மூன்றாம் தவணையையும் போட்டிருந்தால் வந்தே இராதா என்று கேட்டேன். அப்படிச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வரவிடாமல் செய்வதற்காகத்தான் அந்த ஊசி என்றார். அந்த விடையின் நேர்மையை அன்று என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரத்துக்குமேல் மருந்து ஏறியது. உச்சிக்குழி தணிந்தது, பால் குடித்தாள், ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். கால்களை உதைத்தாள், இரண்டையும். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். நோய் வந்துபோனதே என்று இருந்துவிடாமல், விட்டுப்போன ஊசியைப் போட வேண்டும். இந்த நோய் சில குழந்தைகளின் செவிப்புலனைத் தொட்டுவிடும். ஆகவே காதைச் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு நாள் கிடைக்கும்வரை என் ஐயம் முழுவதும் குழந்தைமேல் திரும்பியது. அவள் பின்னால் நின்று கதவைத் தட்டுவேன். தம்ளரைத் தரையில் போடுவேன். திரும்பினால் ஓசைக்குத் திரும்பினாளா, என் நிழலைக் கண்டு திரும்பினாளா என்று குழம்புவேன். திரும்பாவிட்டால் அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைப்பதுபோல் இவளுக்கும் பரீட்சை வைக்கிறீர்களா என்று மனைவி கடிந்துகொண்டாள். உறங்கவைத்துத் தலையில் கம்பிகளை ஒட்டிச் செய்த சோதனை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இடக்காது நன்றாகக் கேட்கிறது. வலக்காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு காது நன்றாக இருப்பதால் பேச்சு வரும் என்று ஆறுதல் சொன்னார்கள், வரத்தான் செய்கிறது.

ஊரில் கேட்டவர்களுக்கு, காய்ச்சலில் ஒரு காது போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அது பொய்யன்று. ஆனால் நான் சொல்லாமல் விட்ட பாதியை லயங்கள் தாமே நிரப்பிக்கொண்டன. சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் மீண்டும் வாசலுக்கு வந்தாள். வாத்தியார் பிள்ளைக்கு ஊசியால்தான் காது போனது என்று ஒரு பேச்சு சுற்றுகிறதாம். இரண்டு தாய்மார், கைக்குழந்தைக்காரிகள், அதைச் சொல்லியே வர மறுக்கிறார்களாம்.

"நான் சொன்னா ஏறாது சாரே. எனக்கு ஆள் சேக்கணும், அதுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

என் மனத்தில் ஒருகாலத்தில் ஓடியதை அவள் அறிந்தே அப்படிச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, இரண்டு புதன்கிழமைகளை வகுப்புகளைக் காரணம் காட்டிக் கழித்தேன். போடாமல் விட்டதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தால், தானே போய்ச் சொல்வதாக மனைவி சொன்ன பிறகே, மூன்றாம் வாரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன்.

ஊசிக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குழந்தைகளோடு சுவரோரம் அமர்ந்திருந்தார்கள். வர மறுத்த இருவரையும் அந்தப் பெண் எப்படியோ வாசல்வரை கூட்டி வந்திருந்தாள். மேடையிற் பேசிப் பழகிய எனக்கு அங்கே வாக்கியம் அமையவில்லை. ஊசியால் காது போகவில்லை. ஒரு தவணை போடாமல் விட்டதற்குப் பின்னால் வந்த காய்ச்சலில் போயிற்று. போடாததைப் போட்டதாகச் சொன்னவன் நான் என்றேன். பால் குடிக்காமல், தூக்கினால் அலறி, உச்சி பொங்கினால் ஒரு மணிநேரமும் காத்திருக்காதீர்கள் என்றும் சொன்னேன். வாசலில் நின்றவர்களுள் இளையவள், நான்கு மாதக் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், இந்தக்கா சொல்லிக்குடுத்து வந்து பேசுறீகளோ?"

"சொல்லிக்கொடுக்கவில்லை. கூப்பிட்டாள், வந்தேன்."

அவள் நம்பவில்லை. நேரே என்னிடம் வந்து, என்னைக் கேளாமலே, என் மகளின் வலக்காதுக்கு அருகில் விரலைச் சொடுக்கினாள். மகள் என் சட்டைப் பொத்தானோடு விளையாடிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை, இன்னும் அழுத்தமாகச் சொடுக்கினாள். பிறகு சுற்றிவந்து இடப்பக்கம் நின்று சொடுக்கினாள். மகள் வெடுக்கெனத் திரும்பி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த இளம்பெண் சிரிக்கவில்லை. விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு, தன் குழந்தையை மூடியிருந்த தலைப்பை விலக்கி, அதன் இரு காதுகளையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய்க் கடைசி ஆளாக உட்கார்ந்தாள். மற்றொருத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். சற்றுக் கழித்துப் பார்த்தபோது அவளைக் காணவில்லை.